முதல் எண்

தங்கச்சிமடம். பகல் பதினொன்று.
எமல்டாவின் எஞ்சின் உதிரிபாகக் கடைச் சுவரில்
நான்கு திருகு, ஒரு வெள்ளைப் பெட்டி.
சிம்மைச் செருகினேன்.
பச்சை விளக்கு இரண்டு தரம் சிமிட்டியது.
மூன்றாவது சிமிட்டலுக்குள் ஒரு குறுஞ்செய்தி:
இலங்கைக்கு வரவேற்கிறோம்.

காற்று தெளிந்த நாளில் இது நடப்பதுதான்.
தலைமன்னார்க் கோபுரம் கை நீட்டினால்
நம்மூர் சிம் போய் ஒட்டிக்கொள்ளும்.
ஆனால் எவனோ இங்கே பூட்டை அறுக்கையில்
பெட்டி கடல் தாண்டிப் போய்க் கத்தக் கூடாதே.
தானாகத் தேடுவதை நிறுத்தினேன்.
ரோமிங்கை அணைத்தேன்.

"அந்தக் கரைக்குக் கூப்பிட்டா காசு போகுமா?"
போகும் என்றேன்.
வேறெதுவும் கேட்கவில்லை.

பின்கதவுக் காந்தம் கச்சான் அடித்தால் நடுங்கும்;
அரை விநாடி பொறுத்துக்கொள்ளச் சொல்லிவைத்தேன்.
அசைவறியும் கண்ணை ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்கினேன்,
கருவாட்டு வாடைக்கு வரும் பூனைக்கெல்லாம்
ஊரை எழுப்பாதிருக்க.
சைரன் எவ்வளவு நேரம்?
"பத்து நிமிசம் வைங்க. ரெண்டு புரப்பல்லர் போயிருக்கு."
பத்து நிமிடம் அலறினால்
பங்குச் சாமியார் ஆளனுப்புவார் என்றேன்.
மீன் ஏலம் போலப் பேசி
நாலில் முடிந்தது.

இனி எண்கள்.
ஐந்து வரை போடலாம். வரிசை முக்கியம்.
முதலில் யார்?

எங்கும் பார்க்காமல்
பத்து இலக்கமும் ஒரே மூச்சில் சொன்னாள்.
சரிபார்க்க அழைத்தேன்.
அணைத்துவைக்கப்பட்டுள்ளது என்றாள்
எப்போதும் வரும் அந்தப் பெண்.

"அண்ணன் கடலிலா?"

"போன ஆவணில போட்டோட பிடிச்சாங்க.
ஆளு அங்க உள்ள இருக்காக.
போனு அவங்க அலமாரியில."

நான் தொழிலைப் பேசினேன்.
எடுக்காத எண்ணை இது மும்முறை அழைக்கும்,
தரத்துக்கு நாற்பத்தைந்து விநாடி,
அதற்குள் ஒருவன்
ஒரு எஞ்சினை ஆட்டோவில் ஏற்றிவிடுவான்.
நாத்தனார் பக்கத்துத் தெரு, அவரை முதலில் வைப்போம்.

"பெல்சியா ரெண்டாவது.
மாசாமாசம் இதுக்கு ரீசார்ஜ் பண்றேன் தம்பி,
எண்ணு சாகக் கூடாதுன்னு.
முதல்ல அதுதான்."

அமைப்புக்குள் அமைப்பு ஒன்று உண்டு.
நிறுவுபவனின் ரகசிய எண்ணை அழுத்தி உள்ளே போனேன்.
முதல் எண்: ஒரே முயற்சி. இருபது விநாடி.
போதுமா?
"ஒரு தரம் கூப்பிட்டாப் போதும்."

கடைசியாக, தினமும் இரவு ஒன்பதுக்கு
எல்லாம் சரி என்று எல்லா எண்ணுக்கும்
ஒரு வரி அனுப்பும் வசதி.
பெட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாது,
ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்க வேண்டும்.
என்ன போடட்டும்?
"கடை பத்திரம்."
அடித்தேன். எட்டிப் பார்த்தாள்.
"கடைய எடுத்துருங்க."

பிறகு சோதனை. கதவைத் திறக்கச் சொன்னேன்.
தகரக் கூரைக் காகங்கள் மொத்தமும் கிளம்பின.
எதிர்க் கடை டீ மாஸ்டர் கரண்டியோடு வந்தார்.
பெட்டி முதல் எண்ணை அழைத்துக்கொண்டிருந்தது.
இருபது விநாடி.
அந்த இரைச்சலில்
நாங்கள் இருவரும் பெட்டியையே பார்த்து நின்றோம்,
எனக்கு எல்லாம் தெரிந்திருந்தும்.
அப்புறம் பெல்சியா எடுத்து
"என்னடி இது கூத்து" என்றாள்.

ராமநாதபுரத்தில் இரவு.
சோதனைக்காக ஐந்தாவதாய்ப் போட்ட என் எண்ணை
அழிக்க மறந்திருக்கிறேன்.
தட்டில் தோசை. ஒன்பது அடித்தது.
போன் ஒருமுறை அதிர்ந்தது.
பத்திரம்.

ஒருநாள் போய் எடுத்துவிட வேண்டும்.
பேட்டரிக்கு முந்நூறு ரூபாய் பாக்கியும் இருக்கிறது.