நான்காவது பொத்தான்

ருஸ்தாவி கார்ச் சந்தைக்குப் பின்னால்
தகரக் கொட்டகையில் வாஜாவின் பலகை.
நான்கு ஜோடி, நான்கு பொத்தான்.
அமுக்கினால் பாடும்.
பலகையில் எல்லாமே நன்றாகத்தான் பாடும்.
நிச்சயதார்த்தத்தன்று
எந்த மாப்பிள்ளை குறட்டை விட்டான்?

விலை கூடிய ஜோடி வரும்போது மட்டும்
அவன் கட்டைவிரல் குமிழை
ஒரு மயிரிழை திருப்பியதைப் பார்த்துவிட்டேன்.
சத்தம் கூடினால் சரக்கு நல்லதென்று தோன்றும்.
பதினோரு வருடமாக டாக்ஸி ஓட்டுகிறேன், தம்பி.
மீட்டரில் கை வைக்கிறவர்களை
எனக்கு முதுகைப் பார்த்தே தெரியும்.
எல்லாவற்றையும் ஒரே அளவில் வை என்றேன்.
சிரித்தான்.
வைத்தான்.

என் கார் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தது.
ஸ்டியரிங் வலப்பக்கம்.
சாவியைத் திருகினால் இன்றும்
ஒரு பெண் ஜப்பானிய மொழியில் எதையோ எச்சரிக்கிறாள்.
பழைய ஸ்பீக்கரில்
அவளும் செய்தி வாசிப்பவனும் பாடகனும்
ஒரே ஈரக் கம்பளிக்குள்ளிருந்து பேசினார்கள்.

வாஜா விளக்கினான்:
வூஃபர் கதவின் அடியில்,
ட்வீட்டர் கண்ணாடி ஓரம், காதுக்கு நேராக.
நடுவில் கிராஸ்ஓவர்,
பந்தியில் யாரை எங்கே உட்கார வைப்பது
என்று தெரிந்தவன் மாதிரி.
கதவுத் தகரம் அதிர்ந்தால்
எந்த விலை கொடுத்தும் புண்ணியமில்லை.

சோதிக்க என்னிடம் இருந்தது ஒரே பதிவு.
சமையலறை, போன், மூன்று ஆண்கள்.
அடிக்குரல் என் கொழுந்தன் குராம்.
இப்போது போலந்தில் லாரி ஓட்டுகிறான்.
இதிலா சோதிப்பது என்று முகம் சுளித்தான் வாஜா.
என் காதுக்கு மனப்பாடம் இது ஒன்றுதான்.

முதல் ஜோடியில் குராமுக்குச் சளி.
இரண்டாவதில் அலுமினிய ட்வீட்டர்,
ஸகரம் ஒவ்வொன்றும் தகரத்தில் ஆணி.
மூன்றாவதில் அடிக்குரல் இருந்தது,
ஆள் இல்லை.

நான்காவது, பட்டு ட்வீட்டர்.
குராம் மூச்சிழுத்தான்.
யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
டக்.

ஒயர் லூஸ் என்று குனிந்தான் வாஜா.
மறுபடியும் டக்.
ஒயர் இல்லை.
வால்நட்.
அன்றைக்குக் கத்தரிக்காய்க்குள் வைக்க
நான் உடைத்துக்கொண்டிருந்தேன்,
பாட்டு முழுக்க,
ஒன்றுகூடத் தாளத்தில் விழாமல்.

அதுவும் போகட்டும்.
மூன்றாம் அடிக்கு முன்னால் ஒரு மௌனம் வரும்.
பாட்டே அப்படித்தான் என்றிருந்தேன்.
ஓட்டும்போது அந்த இடத்தில்
நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
இப்போது கேட்கிறேன்:
மூவரும் நிறுத்துகிறார்கள்,
ஒரு முரட்டு ஓடு
பிடிவாதமாக உடைய மறுக்கிறது,
டக்,
பிறகு குராம் ஆரம்பிக்கிறான்.

காத்திருந்திருக்கிறார்கள்.
ஒருவரும் சொல்லவில்லை.

வாஜா கிராஸ்ஓவரைத் திருப்பிக் காட்டினான்.
பின்னால் சின்ன ஸ்விட்ச்:
கூர்மை உறுத்தினால்
மூன்று டெசிபல் குறைத்துக்கொள்ளலாம்.
வேண்டாம், பூஜ்யத்திலேயே இருக்கட்டும்.
பேரம் பேச மறந்துவிட்டேன் என்பது
பாலம் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

மறுநாள் குத்தாயிசிக்குப் போகிற வழியில்
பின்சீட்டில் ஒரு பல் டாக்டர் முன்னால் சாய்ந்தார்.
அம்மா, வண்டியில் ஏதோ டக் டக் என்கிறதே,
எஞ்சினா?

இல்லை, நான்தான் என்றேன்.
சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.