எடைமேடை

பகாவ் செம்பனை ஆலையின் அலுவலகத்தில்
குளிர்சாதனம் பதினாறில் ஓடியது.
எதிரே மூன்று பேர். மேசை நடுவில்
யாரும் தொடாத கறி பஃப் தட்டு.

திருவாட்டி ரொஹானா என் பெயரைப் படித்தார்:
தாவா மாலார்.
தவமலர் என்று திருத்தவில்லை.
வேலை கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம்.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.’

பற்றி.
எதைப் பற்றிக்கொண்டு தொடங்க?

முந்தின இரவு, ஐந்து வெள்ளி டோபிக் கடையில்,
தங்கை வீட்டுக்காரர் அனுப்பிய பதில்களைத்
துணி சுழன்று முடிவதற்குள்
நெட்டுருப் போட்டிருந்தேன்.
நான் கடின உழைப்பாளி.
குழுவோடு ஒத்துப்போவேன்.
எதையும் பிழையில்லாமல் செய்ய நினைப்பதே
என் பலவீனம்.
வட்டக் கண்ணாடிக்குள் என் சட்டைகள்
ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தன,
நம்பாமல்.

அதையே சொன்னேன். மலாய் பிசகவில்லை.
மிஸ்டர் கோக் படிவத்தில் எதையோ குறித்தார்.
‘ஹார்ட்வேர் கடையில் ஆறு வருடம்.
ஏன் விட்டீர்கள்?’

‘புதிய சவால்களைத் தேடி.’

நாக்கு அதைச் சொல்லிக்கொண்டிருக்கையில்
தவுக்கேயின் தராசு கண்முன் ஆடியது.
கிலோவுக்கு நாற்பது கிராம் தின்னும் தராசு.
ஒரு மழை நாளில் கூரை ஆணி வாங்க வந்தவரிடம்
‘இன்னும் ஒரு பிடி அள்ளிக்கோங்க அண்ணே’ என்றேன்.
பின்னறையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த தவுக்கேவுக்குக்
காது நன்றாகவே கேட்டது.
மறுநாள் வரவேண்டாம் என்றார்.
இதுவரை சொல்லலாம், பெருமையாகக்கூட.
அதற்கு முந்திய ஆறு வருடமும்
அதே தராசில் நிறுத்தவள் நான்தான் என்பதைப்
படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தனபாலன் சார் கடைசியில் வாய் திறந்தார்.
தமிழ் வாசனை அடிக்கும் மலாயில்:
‘ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?’
இங்கேதான், என்றேன்.
மைவி கடன் அப்போதும்
இரண்டு வருடம் பாக்கி இருக்கும் என்று சொல்லவில்லை.

நன்றி. அழைக்கிறோம். கதவு.

வெளியே வெயில் தாரை இளக்கியது.
எடைமேடையில் லாரி இல்லை, ஆள் இல்லை,
ஒரு காக்கை கூட இல்லை.
சிவப்பு எண்பலகை மட்டும் சொன்னது: 20.

காவலுக்கு நின்ற நேப்பாளிப் பையனைப் பார்த்தேன்.
‘எப்போதும் அப்படித்தான் அக்கா.’

ஏறி நின்றேன்.
80.
இருபது இருபதாகவே எண்ணத் தெரிந்த மேடை.
நான் ஐம்பத்தெட்டு. பரவாயில்லை,
அறைக்குள் இருந்தவர்களைவிட
இது என்னைக் கிட்டத்தட்டச் சரியாக எடைபோட்டது.
அந்த இருபது யாருடையது?

பாரத்தோடு வரும்போது இருபது கூடும்,
காலியாகத் திரும்பும்போதும் கூடும்,
கழித்தால் போய்விடும். யாருக்கும் நட்டமில்லை.
வரும்போது பூஜ்யமும்
போகும்போது இருபதுமாக
யாரும் பொத்தானை அழுத்தாதவரை.
அழுத்தினால் ஒரு குலை.
லாரிக்கு ஒரு குலை.
சொந்தத்தில் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவன்
அந்த ஒரு குலையை எண்ணிப் பார்க்கமாட்டான்,
ஆணி வாங்கியவர் எண்ணாத மாதிரி.

தலைக்கவசத்தை மாட்டினேன்.
மோட்டாரை உதைத்தேன், ஒரே உதையில் எடுத்துக்கொண்டது.
மற்ற நாளில் நாலு உதை கேட்கும்.
அணைத்தேன்.

படி பதினொன்று. தலைக்கவசத்தைக் கழற்ற மறந்தே
கதவைத் தட்டினேன்.
மூவர் வாயிலும் கறி பஃப்.
திருவாட்டி ரொஹானா கையால் வாயை மறைத்துக்கொண்டு
‘எதையாவது விட்டுவிட்டீர்களா?’ என்றார்.

‘இருபது கிலோ’ என்றேன்.

மிஸ்டர் கோக் பேனாவைத் தேடினார்.
‘எங்க?’ என்றார் தனபாலன்,
அன்றைக்கு முதன்முறையாகத் தமிழில்.