இரண்டு தோள்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
நானும் குட்டை, நானும் தடிமன்.
ஆகவே இந்த வழக்கில்
என் சாட்சியம் கொஞ்சம் சாயும்.

குன்னூரில் அனீபா ராவுத்தரின் துப்பாக்கிக் கடையில்
பதிவேடு எழுதுகிறவள்.
உரிம எண், தோட்டா எண்ணிக்கை, கையொப்பம்.
ஒருநாளும் சுட்டதில்லை.
சுட்டவர்கள் பேசுவதைக் கேட்டே
பதினாறு வருஷம் போய்விட்டது.

ஹால்தொரை அதை வாங்கியது போன தையில்.
கோத்தகிரிக்குக் கீழே கேரட் போடுகிறவர்.
“ஷார்ட் மேக்னம், மிஸ்” என்று
மேசைமேல் ஒரு தோட்டாவை நிறுத்தினார்.
நின்றது.
லாரி போனால் மற்றதெல்லாம் உருண்டுவிடும் மேசை அது.
இது ஊறுகாய் ஜாடிபோல்
உட்கார்ந்தே இருந்தது.

பக்கத்தில் பழைய தேர்ட்டி-நாட்-சிக்ஸ்,
ஒட்டடைக் கம்புக்குப் பிறந்த மாதிரி.
அதைவிட இது வேகமாம்.
நெட்டை மேக்னம் செய்வதை
ஒரு சிட்டிகை மருந்து குறைத்துச் செய்யுமாம்.
போல்ட் இழுக்கும் தூரத்தில் அரை அங்குலம் மிச்சம்,
துப்பாக்கி ஒரு டம்ளர் தண்ணீர் எடைக்கு இளைப்பு.
சொல்லச் சொல்ல அவர் முகத்தில்
பெண் பார்த்துவிட்டு வந்த களை.

அரை அங்குலத்தை மிச்சம் பிடித்து
ஒரு மனிதர் என்ன செய்வார்?
கேட்கவில்லை. ரசீது எழுதினேன்.

சுட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்
இடது கையால் கையெழுத்துப் போட்டார்.
துப்பாக்கி இளைத்ததையெல்லாம்
தோளில் இறக்கிவிட்டதாம்.
சட்டைக் காலரை விலக்கினார்:
தவிட்டுப்பழம் நசுங்கிய நிறம்.

தோட்டாவுக்கும் தோள் உண்டு.
பழையவற்றுக்குச் சரிந்த தோள்,
ஊட்டி பஸ் கூட்டத்தில் கண்டக்டர் மாதிரி
ஒருக்களித்து நுழைந்துவிடும்.
இதற்கு அகன்ற தோள், விறைத்த தோள்.
குழல் வாசலில் நின்றுகொண்டு
யார் தள்ளுகிறது என்று திரும்பிப் பார்க்கும்.

மேகசினில் மூன்றுதான் கொள்ளும்.
தீர்ந்தால் நாங்கள் சென்னைக்கு எழுத,
சென்னை டெல்லிக்கு எழுத,
ஆடியில் இருபது வந்தது.
விலையைச் சொல்லுமுன் ராவுத்தர்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பன்றி வந்த ராத்திரியை
அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:
“முதல் குண்டு மண்ணில்.
இரண்டாவது எங்கே போச்சோ.
மூன்றாவது குறுக்கே நின்னுடுச்சு, மிஸ்.
இழுக்கிறேன், தள்ளுகிறேன்,
நகரவே இல்லை.
பன்றி என்னைப் பார்த்தது.
பார்த்துவிட்டு
அடுத்த கேரட்டைப் பிடுங்கியது.”

விற்றுவிடலாமே என்றேன்.
கோபம் வந்துவிட்டது அவருக்கு.
முந்நூறு கெஜத்தில், எதிர்மேட்டுத் தகரத்தில்
ஐந்து குண்டும் ஒரே உள்ளங்கைக்குள் விழுந்ததாம்.
எந்தத் துப்பாக்கி செய்யும், சொல்லு?
சரிதான்.
ஆனால் அவர் தோட்டத்தில்
கார்த்திகை மாதம் காலைப் பத்து மணிக்கே
முந்நூறு கெஜம் என்று ஒன்று கிடையாது;
முப்பதடியில் மஞ்சு, அதற்குள்தான் பன்றி.
இதை நான் சொல்லவில்லை.
காலரை அவர் இன்னும் மூடவில்லை.

தேர்தல் வந்தது.
எல்லோரும் துப்பாக்கியை ஒப்படைத்தார்கள்.
ராவுத்தர் தொழுகைக்குப் போயிருந்த நேரம்
காலியா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு
அந்தப் போல்ட்டை இழுத்துப் பார்த்தேன்.
பழையதில் என் முழங்கை
பின்சுவர்வரை போய்த் திரும்பும்.
இதில், இழுக்கலாம் என்று நினைப்பதற்குள்
இழுத்து முடிந்திருந்தது.
இன்னொரு தரம் இழுத்தேன்.
இன்னும் ஒரு தரம்.

மூன்று தோட்டாவும் ஒரு தவிட்டுப்பழமும்
இதற்கு விலையாகுமா?
எனக்கு ஆகாது. எனக்குக் கேரட்டும் இல்லை.

‘தோட்டா மீதம் பதினொன்று’ என்று எழுதி,
எண்ணி, பெட்டியில் வைத்து,
ஒன்றை மட்டும் எடுத்து மேசைமேல் நிறுத்தினேன்.
வெலிங்டன் பக்கமிருந்து
விறகு லாரி ஒன்று ஏறி வந்தது.
பேனா உருண்டது.