எது மேல்பக்கம்

ஓவியப் பிரிவில் சேராது என்றார்கள்,
துணி அல்லவா, கைவினையில் போடுங்கள்.
நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூட ஹால், மூன்று நாள்,
மேசைக்கு ஆயிரத்து எண்ணூறு, மின்விசிறி தனி.
ஒருபக்கம் நார்த்தங்காய் ஊறுகாய்,
மறுபக்கம் முந்திரிக்கொத்து,
நடுவில் என் கடல்.

ஆறடிக்கு நாலடி.
தக்கலைத் தையல்கடைகள் கழித்துக்கட்டிய
யூனிபார்ம் நீலம் ஆழத்துக்கு.
கம்பி ஒடிந்த குடைகளின் கறுப்பு பாறைக்கு.
நுரைக்கு, முளகுமூட்டில் பிசகிப்போன லேஸ்.
பதினொரு மாதம். எத்தனை தையல் என்று எண்ணுவதை
மார்ச்சிலேயே விட்டுவிட்டேன்.

விற்றால் சிவப்பு வட்டம் ஒட்டவேண்டுமாம்.
கொச்சியில் அப்படித்தான் என்றாள்
போய்வந்த மரிய ஷைலா.
ஃபேன்சி ஸ்டோரில் ஓர் அட்டை பொட்டு கேட்டேன்.
கடைக்காரர் என் வெறும் நெற்றியைப் பார்த்தார்,
கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்.
"ஆருக்காக்கும்?"
கடலுக்கு என்றேன்.
மீதிச் சில்லறையை யோசித்து யோசித்துத் தந்தார்.

முதல் நாள்.
"டபுள் கட்டிலுக்குக் காணுமா?"
"தொவச்சா சாயம் போவுமா?"
"சவம், ஒட்டுத்துணிக்கு இந்த வெலையா!"
ஒரு பையன், முந்திரிக்கொத்து தின்ற விரலால்,
அலையை அழுத்திப் பார்த்தான்.
எண்ணெய் அங்கேயே நின்றுவிட்டது.
திட்டவில்லை.
அன்றைக்குத் தொட்டுப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

இரண்டாம் நாள் மழை.
ஊறுகாய் புஷ்பபாய்க்கு நாலாயிரம் கச்சவடம்.
எனக்கு, அவளுக்குச் சில்லறை மாற்றித் தரும் வேலை.
சாயங்காலம் கன்னியாகுமரி லாட்ஜ் மேனேஜர் ஒருவர்
இருபது உருப்படி வேண்டும் என்றார்.
மனசுக்குள் மெத்தைவீடு எழும்பி
மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டது.
"சோபா எல்லாம் மெரூன் கேட்டியளா,
கடல மெரூன்ல அடிச்சுத் தருவியளா?"
ஒரு நிமிஷம், கர்த்தர் மன்னிக்கட்டும்,
மெரூன் எங்கே மலிவு என்றுதான் யோசித்தேன்.

மூன்றாம் நாள், பந்தல்காரன் நாற்காலி அடுக்கும்போது
வந்தாள் ஒருத்தி, கார்ச்சாவியைச் சுழற்றிக்கொண்டு.
பன்னிரண்டாயிரம் என்றேன்.
ஆறாயிரத்து ஐந்நூறு என்றாள்.
வேனுக்கு வாடகை கொடுக்கவேண்டும்.
சரி என்ற வாய் என்னுடையதுதான்.
விலைச்சீட்டு எங்கோ பறந்துபோயிருந்தது,
பொட்டைக் கடலின் கீழ்மூலையில் ஒட்டினேன்,
அழுத்தி.
அவள் மடித்தாள்
போர்வையை மடிப்பதுபோல.

அடுத்த ஆவணியில் கடைவாய்ப் பல் குத்தியது.
மார்த்தாண்டம் பாலத்தின் அடியில்
புதிதாய் ஒரு பல் ஆஸ்பத்திரி.
நாற்காலி சாய்ந்தது, விளக்கு எரிந்தது,
வாய் நிறையப் பஞ்சு வைத்த பிறகுதான் பார்த்தேன்,
எதிர்ச்சுவரில் என் கடல்
தலைகீழாய்.

பாறைகள் மேலிருந்து தொங்கின.
யூனிபார்ம் நீலம் மழைக்கோளாய் இறங்கியது.
அந்தப் பையனின் எண்ணெய்ப்பாடு
பறவையா படகா தெரியவில்லை.
"ம்ம்ம்" என்றேன்.
"வலிக்கா? கொஞ்சம் பொறுங்க" என்றாள் டாக்டர்.
முகக்கவசத்துக்கு மேலே அதே கண்.
என்னைத் தெரியவில்லை. திறந்த வாயில்
யாருக்கு யாரைத் தெரியும்?

"அந்தச் செவப்புச் சூரியனயே பாருங்க,
வலி தெரியாது. எல்லாருட்டயும் சொல்லுவேன்.
செய்தவிய எவ்வளவு யோசிச்சிருப்பாவ பாருங்க,
ஒத்தப் பொட்டுதான், ஓரத்துல."

பஞ்சை எடுத்த பின்னும் நாக்கு மரத்திருந்தது.
அதுதான் காரணம் என்று
பஸ்ஸில் எனக்கே சொல்லிக்கொண்டேன்.
ரூட் கெனால் ஆறாயிரத்து ஐந்நூறு.
பேரம் பேசவில்லை.

ஊசிப்பெட்டியில் அட்டை கிடக்கிறது,
பதினாலு பொட்டோடு.
இப்போது தைப்பது ரப்பர்த் தோட்டம், விடியற்காலை.
தொங்கவிட வளையம் வைக்கவேண்டும்.
மேல்விளிம்பில் நாலு வைத்தாயிற்று.
துணியைத் திருப்பிப் போட்டு
வெகுநேரமாய் உட்கார்ந்திருக்கிறேன்,
நூல் கோத்த ஊசியோடு.