ஸ்ட்ராபெர்ரி ரப்பர்

முதல் பிரதியில் அவள் பொய்யே சொல்லவில்லை.
டிபனைப் பகிர்ந்தாள், பெரியவர்களுக்கு வழிவிட்டாள்,
பாலாற்றுப் பாலத்தில் நின்றாள்
தேர்தல் தட்டி மாதிரி, காற்றுக்கு மட்டும் அசைந்து.

பெயர் வைத்தேன்: எஸ்தர் ராணி.
வயது ஒன்பது, சைதாப்பேட்டை, கன்னத்தில் மச்சம்.
மச்சம் வைத்தும் நடக்கவில்லை.

காட்பாடியில் பாசஞ்சர் நாற்பது நிமிடம் தாமதம்.
மருந்துக்கடை ரசீதின் பின்னால் எழுதினேன்:
பர்வீனின் ரப்பரை எடுத்துக்கொண்டாள்.
ஸ்ட்ராபெர்ரி வாசனை. ஒரு மூலை கடித்தது.

அவ்வளவுதான்.
எஸ்தருக்குக் கை முளைத்தது, அந்தக் கைக்கு வியர்த்தது.
கோட்டை அகழியோரம் இரண்டு சுற்று நடந்தாள்
மீன்களுக்குக்கூட முகம் காட்டாமல்.
டீச்சர் வேறொருத்தியைத் திட்ட
இவளுக்குக் காது சுட்டது.
பர்வீனுக்கு மாங்காய்த் துண்டு ஒன்று அதிகம் கொடுத்தாள்.
ஏன் என்று கேட்டதற்கு அழுதாள்,
பிறகு அடித்தாள்.

பதிப்பாளர் போன் செய்தார்:
“கடைசிப் பக்கத்துல திருப்பிக் குடுத்துடட்டுமே சார்,
பிள்ளைங்க படிக்கிறது.”

முயன்றேன்.
மே மாத வேலூர், கரண்ட் இல்லை,
ஜியாமெட்ரி பெட்டி, பாவாடைப் பை, ஷூவுக்குள்,
எல்லாம் தேடிவிட்டேன்.

எங்கே வைத்தாய் என்றால்
மச்சத்தைச் சொறிகிறாள்.
உங்களுக்கெதுக்கு, என்கிறாள்.