பக்கத் தகடு

கட்டோவிட்சேயில் நவம்பர் நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
ஏழுக்கு விளக்கை அணைக்கப் போனபோது
ஒரு பெரிய அட்டைப்பெட்டி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது.
அதன் பின்னால் கிங்கா மஜுரெக்,
டிராம் ஓட்டும் சீருடையைக்கூட மாற்றாமல்.

“இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஸ்வோட்டி.
திருப்பிக் கொடுக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது.
தகுமா, தகாதா? ஒரே சொல்லில் சொல்.”

ஒரே சொல்லில் சொல்ல முடிந்திருந்தால்
நான் இந்தத் தொழிலுக்கு வந்திருக்க மாட்டேன்.

முகப்பில் மூன்று விசிறி.
ஊதா, பச்சை, பிறகு பெயரில்லாத ஏதோ ஒரு நிறம்.
காற்றை உள்ளே இழுக்கின்றன என்று சொல்லலாம்,
முன்னால் முழுக்கக் கண்ணாடியை ஒட்டாமல் இருந்திருந்தால்.

நான்கு திருகு. பக்கத் தகட்டைக் கழற்றிச்
சுவரில் சாய்த்துவைத்தேன்.

கிராபிக்ஸ் கார்டு நல்லது. அதில் பொய் இல்லை.
பாதிப் பணத்துக்குக் கொஞ்சம் குறைவாக அதற்கே போயிருக்கும்.
செயலி இரண்டு தலைமுறைப் பழசு,
ஆறு கோர், வேலைக்கு ஆகும்.
மெமரிக்கு இரண்டு இடம்; ஒன்றில் மட்டும் செருகியிருந்தது.
“இரட்டைத் தண்டவாளத்தில் ஒன்றை மூடிவிட்டு
எல்லா வண்டியையும் மற்றதில் விடுகிறார்கள்,” என்றேன்.
அவளுக்கு உடனே புரிந்தது.
புரிந்ததற்கு அடையாளமாக ஒரு கெட்ட வார்த்தை.

அப்புறம் அடியில், கறுப்பு மூடிக்குள்,
யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் பவர் சப்ளை.
தூக்கிப் பார்த்தேன். கனமே இல்லை.
ஐந்நூறு வாட் என்று ஒட்டியிருந்தது,
யார் செய்தது என்று ஒட்டவில்லை.
யானையைக் கொடுத்துவிட்டு
அங்குசத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

பழைய ரசீதின் முதுகில் கூட்டிப் போட்டேன்.
உதிரியாக வாங்கினால் இரண்டாயிரத்து நூற்றுப் பத்து.
மீதி இருநூற்று எண்பத்தொன்பது
பூட்டிய கூலிக்கு, ஊதா நிறத்துக்கு,
வாங்குகிறவர் தகட்டைக் கழற்ற மாட்டார் என்ற நம்பிக்கைக்கு.

மறுபக்கத் தகட்டையும் கழற்றினேன், பழக்கதோஷம்.
அங்கே ஒவ்வொரு கம்பியும் வகிடெடுத்த மாதிரி படிந்து,
கட்டப்பட்டு, கட்டின் வால் நறுக்கப்பட்டு,
விரலைக் கீறாதபடி அந்த நறுக்கும் மழுக்கப்பட்டிருந்தது.
மணிக்கூலிக்கு எவரோ, ஏதோ ஒரு கிடங்கில்.
இதை எந்த வரியில் எழுதுவது?
எழுதவில்லை. ரசீதில் இடம் தீர்ந்திருந்தது.

“திருப்பிக் கொடுத்துவிடு,” என்றேன்.

“லாரி ஓட்டுமா?”
“எது?”
“லாரி ஓட்டுகிற ஆட்டம். மலைப்பாதை, மழை, அதெல்லாம்.”
“ஓட்டும். நொடிக்கு அறுபது படம். மழையில் நாற்பத்தைந்து.”

“பத்தொன்பது வருஷம் ஆகிறது,” என்றாள்.
“என் வண்டியில் திருப்புவதற்கு ஒன்றுமே கிடையாது, தெரியுமா?
ஓட்டு, நிறுத்து, மணி அடி.
வளைவு வந்தால் வண்டி தானே வளையும்.
நான் சும்மா உட்கார்ந்திருப்பேன்.”

பையிலிருந்து ஒரு ஸ்டியரிங்கை எடுத்து மேசையில் வைத்தாள்.
செகண்ட் ஹாண்ட், தோல் உரிந்தது,
முந்தைய சொந்தக்காரரின் கட்டைவிரல் தேய்த்த பள்ளத்தோடு.

“பவர் சப்ளையையாவது மாற்று. நல்லது ஒன்று இருக்கிறது, நூற்றெண்பது.
மாற்றினால் பிறகு திருப்பித் தர முடியாது.”
அங்குசத்துக்கு அவளும் பேரம் பேசினாள்.
நூற்று அறுபதில் நின்றது.

எட்டரைக்கு வண்டி புறப்பட்டது.
திரையில் மழை, இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள்,
நாற்பத்தேழு படம், நான் சொன்னதற்கு இரண்டு கூட.
கிங்கா முதுகை நிமிர்த்தி, இரண்டு கையாலும்
சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

முதல் வளைவு வந்தது.
அவள் திருப்பவில்லை.
லாரி நேராகப் போய், வேலியைச் சாய்த்துக்கொண்டு,
யாருடையதோ ஒரு உருளைக்கிழங்கு வயலில் நின்றது.

வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது.
“மணி எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள்.