ஈரக்கறை

கோனாபட்டில் எங்கள் பங்கு
பதினொன்றில் ஒன்று: இரண்டாம் கட்டில்
ஒரு சுவரும் ஓர் இரட்டை அறையும்.

படப்பிடிப்புக்கு விட்டபோது
சுவர் இன்னும் மினுங்குகிறதாம்,
பழைய வீடாகத் தெரியவில்லையாம்.
ஈரக்கறை வரைந்துவிட்டுப் போனார்கள்.
அழித்துத் தருவதாகப் பேச்சு. ஆறு மாதமாயிற்று.

வெள்ளை போதும் என்றார்கள் பங்காளிகள்.
கடையில் வெள்ளையே பதினாலு.

சவரிமுத்து உப்புத்தாளோடு வந்தார்.
கட்டைவிரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார்.
"இது படக்காரன் கறை."
போய்விட்டது.
"இது மழை."
தேய்த்தார், மறுபடி தேய்த்தார்,
வாளியைக் கலக்கப் போனார்.

பிரைமருக்கு மேல் இரண்டு கோட்டு.
கோலாலம்பூரிலிருந்து உமையாள்
வீடியோவில் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"அந்த மூலையில் மாங்காய் மாதிரி இருக்குமே,
அதன்மேலும் அடித்துவிட்டாயா?"

எது என்று நான் கேட்கவில்லை.
ஐப்பசி வரட்டும்.